மணிக்கயிறு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். என் குரல் முன்போல எட்டாது, அதனால் பின்னால் இருக்கிறவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். இன்றைக்கு ஒரு கயிற்றின் கதை வைத்திருக்கிறேன். முழக்கயிறுதான், இடுப்பில் செருகிக்கொள்கிற அளவு. கேட்டு முடித்ததும் உங்கள் கை என்ன செய்கிறது, உங்கள் வாய் என்ன செய்கிறது என்று நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்வீர்கள். அதுவரைக்கும் நடுவில் எழுந்து போகக்கூடாது, சரியா.

கடலை ஒட்டிய ஒரு தெருவில் ஒரு பெண் இருந்தாள். தெருவே அவளை முடிச்சு என்று கூப்பிட்டது. அவள் ஒரு முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்கக் கத்திதான் எடுக்க வேண்டும், அதனால் வந்த பெயர். தெருக்கோடியில் தகரக்கூரை போட்ட நீளமான வலைக்கூடம். அங்கே பதினேழு பெண்கள் வேலை செய்தார்கள். பதின்மூன்று வயதில் அங்கே போய் உட்கார்ந்தவள் இவள். கதை நடக்கும்போது முப்பத்தைந்து.

அவள் புருஷனைக் கரண்டி என்பார்கள். வீட்டுப் பின்கட்டில் ஈயக் கட்டிகளை இரும்புச் சட்டியில் உருக்கி, நீளப்பிடிக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவான். ஆறினதும் அச்சைத் தட்டினால் பட்டாணி அளவு உருண்டைகள் பொலபொலவென்று உதிரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும். வலையின் அடிக்கயிற்றை அந்த வாய்க்குள் கொடுத்து இறுக்கி மூடினால் உருண்டை கயிற்றைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கனத்தில்தான் வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். இறுக்குவதற்குக் கூடத்தில் ஆளுக்கு ஒரு குறடு கொடுத்திருந்தார்கள். அவை ஆணியில் வரிசையாகத் தொங்கும்.

இங்கே ஒரு சொல்லை முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் இருக்கும்வரை அது ஈயம். அச்சிலிருந்து உதிர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் மணி. வெந்து இறக்கின சோற்றை யாராவது அரிசி என்பார்களா? அந்த மாதிரிதான். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த யாரும் மணியை ஈயம் என்று வாய்தவறியும் சொன்னதில்லை.

முதலில் வயிற்று வலி வந்தது. அப்புறம் கைகால் அசதி. வேலைக்காரிக்கு அசதி வராமல் என்ன என்று அவள் விட்டுவிட்டாள். பிறகு சொற்கள் போக ஆரம்பித்தன. வாளியை "அது" என்பாள். சீப்பை "அது" என்பாள். அவளும் கரண்டியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்றது பள்ளிக்கூட வாசலில். ஒன்பது வயது மகளைக் கூட்டிவரப் போயிருந்தாள். வாசலில் நின்றவர் புது ஆசிரியை.

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?"

"மகளை."

"பேரு சொல்லுங்க, கூப்பிடுறேன்."

முடிச்சு வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி நின்றது. பெற்று, பெயர் வைத்து, ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்ட பெயர். இருக்கிற இடம் தெரிகிறது, எடுக்கப் போனால் கை வெறுமனே வருகிறது. ஆசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்திருப்பார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"அம்மா, நான்தாம்மா" என்றாள் மெல்ல.

"தெரியும்டி. நீதான்னு தெரியும்டி" என்றாள் முடிச்சு. வீடு போய்ச் சேர்ந்த பிறகும், அடுத்தடுத்த நாட்களிலும் அந்தப் பெயர் வரவில்லை. மகளும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் அம்மாவுக்கு மறந்துபோனது உண்மையாகிவிடும் என்று அந்தக் குழந்தைக்குப் பயம்.

மறுநாளே கரண்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இரத்தம் எடுத்தார்கள். தொழிலைக் கேட்டதும் மகளையும் வரவழைத்து மூன்று பேருக்கும் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து டாக்டரம்மா தாளை மேசையில் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

"உங்க இரத்தத்துல ஈயம் இருக்கு. அறுபத்திரண்டு. பத்து இருந்தாலே நாங்க கவலைப்படுவோம்."

"எனக்கு?" என்றான் கரண்டி.

"உங்களுக்குப் பத்தொன்பது. பாப்பாவுக்கு ஆறு. நீங்க ரெண்டு பேரும் ஈயத்தை விட்டு விலகினாப் போதும், தானா இறங்கும். இவங்களுக்குத்தான் மருந்து."

"குழாய் மாறிப்போயிருக்கும் டாக்டரம்மா. வருஷக்கணக்கா ஊத்துறவன் நான். புகையைக் குடிச்சவன் நான். எனக்குப் பத்தொன்பது, கயிறு கட்டுறவளுக்கு அறுபத்திரண்டா?"

"ரெண்டு தடவை பாத்தாச்சுப்பா. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றவர் முடிச்சைப் பார்த்தார். "ஈயத்தைத் தொட்டுட்டு சாப்பிடுறது, வாயில வைக்கிறது, அந்த மாதிரி ஏதாவது பழக்கம் இருக்கா?"

முடிச்சுக்குச் சிரிப்பு வந்தது. "ஈயத்தைப் போய் யாராவது வாயில வைப்பாங்களா டாக்டரம்மா?"

அவள் பொய் சொல்லவில்லை. இதையும் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து சின்னச் சின்னக் கேப்சூல் மாத்திரை. முதல் ஐந்து நாள் மூன்று வேளை. அதன் பிறகு பதினான்கு நாள் இரண்டு வேளை. அப்புறம் இரண்டு வாரம் ஓய்வு, மறுபடி முதலிலிருந்து. ஈயத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிறுநீரில் போய்விடுமாம். "இழுக்கும்போது அது உடம்புக்குள்ள இடம் மாறும். அதனால தலை மந்தம் சில நாள் கூடத் தெரியும். பயப்படாதீங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. நிறையத் தண்ணி. வேளை தவறவே கூடாது" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல ஈயம் இருக்கவே கூடாது. ஒரு துண்டு கூட."

கரண்டி அன்றைக்கே பின்கட்டை உடைத்தான். கட்டிகளை ஏற்றி அனுப்பினான், சட்டியை அனுப்பினான், அச்சுகளை அனுப்பினான். தரையில் ஒரு சாண் மண்ணை வெட்டி எடுத்து வேறு மண் போட்டான். சுவருக்கு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தான். கடைசியில் அந்த நீளப்பிடிக் கரண்டியையும் எடுத்து வண்டியில் போட்டுவிட்டு, "இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றான்.

"கரண்டி போனாலும் நீங்க கரண்டிதான்" என்றாள் அவள். அவன் படகுத்துறையில் மூட்டை இறக்கப் போனான். அவள் கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள்.

மாத்திரைப் புட்டியைத் திறந்தால் அழுகின முட்டை வாடை வரும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வாடைகூடப் பரவாயில்லை. அந்த மந்தம்தான் முடிச்சை ஆட்டிவைத்தது.

"நனைஞ்ச வலையைத் தலையில போட்டுட்டு நடக்குற மாதிரி இருக்குங்க" என்றாள் புருஷனிடம். "எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. கைய நீட்டினா வலைதான் கையில வருது."

ஆனால் அவள் சும்மா உட்காரவில்லை. மந்தத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். விடிந்து இரண்டு மணி நேரம் தலை கொஞ்சம் தெளிவாக இருக்கும். அடுப்பு வேலை, கத்தி வேலை எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். அடுப்புக்கு மேலே மகள் பெரிய எழுத்தில் "அணைத்தாயா?" என்று எழுதி ஒட்டினாள். கதவில் "சாவி." தண்ணீர்ப் புட்டியில் வேளைக்கு ஒரு கோடு. பாதி வேலையில் இன்னொன்று நினைவுக்கு வந்தால் போகமாட்டாள். செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். "இப்ப அரிசி களையுறேன். இப்ப தண்ணி வடிக்கிறேன். இப்ப மூடி எடுக்கப் போறேன்."

ஒருநாள் அவளுடைய ஓரகத்தி சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப்பார்த்தாள். கரண்டியின் அண்ணன் மனைவி. அவளும் வலைக்கூடத்தில்தான் வேலை. வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"என்னடி இது, நீயே படிச்சு நீயே கேக்குற? என் பொழப்புல கை வைக்காதடியம்மா. ஒரு தெருவுக்கு ஒரு ரேடியோ போதும்."

"சொல்லலைன்னா ஓடிடுதுக்கா."

"ஓடினா ஓடட்டும். நான் சொன்னதுல பாதி உனக்கு மறந்துபோச்சுன்னா எனக்கும் நல்லதுதான்" என்று சொன்னவள், வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாள். மாத்திரையைத்தான் முடியவில்லை. போட்டோமா, போடவில்லையா? சுவரில் மகள் கட்டம் போட்டுக்கொடுத்தாள். ஒரே கட்டத்தில் இரண்டு கோடு இருந்தது. நினைத்துக்கொண்டு மறுபடி கோடு போட்டாளா, மறுபடி மாத்திரை போட்டாளா, யாருக்குத் தெரியும்? கரண்டி துறையிலிருந்து ஓடி வந்து மாத்திரைகளைக் கொட்டி எண்ணினான். எண்ணி முடித்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"உனக்குக் கண்ணுல பாத்தது நிக்கலை. எழுதினது நிக்கலை. ஆனா உன் கை எதையும் மறக்கலை. இப்பவும் கண்ணை மூடிட்டு முடிச்சுப் போடுற. கைக்கு ஒரு வேலை குடுப்போம்" என்றான்.

கடைசியாக ஊற்றியதில் ஒரு பிடி மணி தகர டப்பாவில் கிடந்தது. டாக்டரம்மாவைக் கேட்டு, சுற்றை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவது என்று ஆயிற்று. ஒரு முழக் கயிற்றில் நாற்பத்து மூன்று மணியை, விழாத அளவுக்கு லேசாகச் செருகினான். ஐந்து நாள் மூன்று வேளை, பதினான்கு நாள் இரண்டு வேளை, கூட்டிப் பாருங்கள், நாற்பத்து மூன்று. வாய் பிளந்த மணி என்றால் இன்னும் போடவில்லை. வாய் மூடின மணி என்றால் போட்டாயிற்று. ஒரு மாத்திரை, ஒரு மணி.

"வேளைக்கு மணி பாக்குற கயிறு. மணிக்கயிறு" என்றான். அவனுக்கே அந்தச் சிலேடை பிடித்துப்போய், "மணி என்ன ஆச்சு?" என்று தினமும் கேட்பான். "ஒம்பது" என்பாள் அவள். "இப்ப சாயங்காலம் நாலுடி." "என் கயித்துல ஒம்பது." சிரிப்பு அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. கயிறு ஒருநாளும் தவறவில்லை. கட்டத்தைவிட, கடிகாரத்தைவிட, அந்தக் கயிறு நம்பிக்கையாக இருந்தது. மனசு குழம்பினால் அவள் அதை இடுப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வாள். அப்புறம் மனசு சமாதானப்படும்.

பத்தொன்பது நாள் முடிந்து இரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்தொன்பது. டாக்டரம்மா புருவத்தை நெரித்தார். "பாதியா இறங்கியிருக்கணுமே. மாத்திரை சரியாப் போட்டீங்களா?" கரண்டி கயிற்றைத் தூக்கிக் காட்டினான். வாய் மூடின மணிகள் நாற்பத்து மூன்று. "அட, நல்ல யோசனையா இருக்கே" என்று டாக்டரம்மாவே சொன்னார். எலும்புக்குள் இருப்பது வெளியே வரும்போது சில பேருக்கு இப்படி ஆகும் என்றார். இரண்டு வாரம் ஓய்வு கழிந்து, கரண்டி புதிதாக நாற்பத்து மூன்று மணி கோத்துக்கொடுத்தான்.

இரண்டாவது சுற்றின் மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கையோடு கூட்டிப்போனார்கள்.

எழுபத்தொன்று.

டாக்டரம்மா உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். "இது எலும்புல இருந்து வர்றது மட்டும் இல்ல. எங்கேயோ இருந்து இன்னும் உள்ள போயிட்டே இருக்கு. இப்பவும் போகுது. இன்னும் ஏறினா வலிப்பு வரலாம், மூளை வீங்கலாம். நாளன்னிக்கு இங்க வந்து படுத்துடுங்க, ஊசி போடணும். அதுக்கு முன்னாடி நாளைக்கு உங்க வீட்டுக்கு ஆளை அனுப்புறேன். எங்க இருந்து போகுதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும். கண்டுபிடிக்காம எந்த மருந்து போட்டும் பிரயோஜனம் இல்ல."

"வீட்டுல ஒரு துளி இல்லைங்க. மண்ணையே வெட்டிப் போட்டுட்டேன்" என்றான் கரண்டி.

திரும்பி நடந்து வரும்போது முடிச்சு கேட்டாள். "என்னங்க, நான் வேற யாரோ ஆயிடுவேனா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தெருவில் அவர்கள் கைகோத்து நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்துக்கு ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், வியர்த்துப்போயிருந்தார். பெட்டியில் பஞ்சு வைத்த குச்சிகள். ஈரப்படுத்தி ஒரு இடத்தில் தேய்த்தால், ஈயம் இருந்தால் பஞ்சு சிவக்கும். கரண்டி பின்னாலேயே நடந்தான். சன்னல் கட்டை, வெள்ளை. பின்கட்டுத் தரை, வெள்ளை. சோற்றுப் பானை, தண்ணீர்க் குழாய், தலையணை உறை, மகளின் சிலேட்டு, செருப்பு. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கரண்டிக்கு ஒவ்வொரு வெள்ளைக்கும் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தன.

"இவ்வளவு சுத்தமான வீட்டை நான் பாத்ததே இல்லைங்க" என்றார் ஆய்வாளர். பாராட்டுகிற முகமாக அது இல்லை.

மேசைக் கடிகாரம் அடித்தது.

"ரெண்டு மணி. மாத்திரை" என்று முடிச்சு தனக்குத்தானே சொன்னாள். "இப்ப மாத்திரை எடுக்கிறேன். இப்ப முழுங்குறேன். இப்ப கோடு வரைக்கும் தண்ணி."

பிறகு வாய் பேசாமல் கை வேலை பார்த்தது. கை இடுப்புக் கயிற்றை உருவியது. எத்தனை மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கவில்லை. கயிற்றை உதட்டுக்குள் விட்டு நாக்கால் தடவிக்கொண்டே போனாள். பதின்மூன்று மூடினவை. பதினான்காவது, வாய் பிளந்தது. அதைக் கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்தாள்.

கட்.

சின்னச் சத்தம்தான். நாக்கால் இன்னொரு தடவை தடவி, இறுகிவிட்டதா என்று பார்த்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். கயிற்றை இடுப்பில் செருகினாள். நிமிர்ந்தால் ஆய்வாளரின் கை பாதி வழியில் அப்படியே நிற்கிறது.

"என்ன பாக்குறீங்க?"

"இப்ப என்னம்மா பண்ணீங்க?"

"மாத்திரை போட்டேன்."

"அதுக்கு அப்புறம்?"

"தண்ணி குடிச்சேன்."

"அதுக்கும் அப்புறம்?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "அப்புறம் ஒண்ணும் பண்ணலையே."

ஆய்வாளர் கையை நீட்டினார். கயிற்றை வாங்கினார். இன்னும் எச்சில் ஈரம் காயாத அந்தப் பதினான்காவது மணிமேல் குச்சியை வைத்து ஒரு தடவை தேய்த்தார். பஞ்சு சிவக்கவில்லை முதலில். ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு நடுவிலிருந்து ஊறி ஓரம்வரைக்கும் ரோஜா நிறமாகி, இரத்தச் சிவப்பாகி நின்றது.

"இது என்னது?"

"அது மணிங்க" என்றான் கரண்டி.

"மணின்னா?"

"மணிதாங்க. வலைக்குக் கட்டுறது."

"எதுல செஞ்சது?"

கரண்டி வாயைத் திறந்தான். மகளின் பெயர் வராமல் அவன் மனைவி பள்ளிக்கூட வாசலில் எப்படி நின்றாளோ அப்படி நின்றான். சொல் அவனுக்குத் தெரியும். அவன் உருக்கினது, அவன் ஊற்றினது, அவன் எண்ணிக் கோத்து அவள் கையில் கொடுத்தது. இரண்டு சுற்று. ஐம்பத்தேழு தடவை. தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான்" என்றான். "நான்தான் கட்டிக் குடுத்தேன்."

முடிச்சுக்கு அது மெதுவாகத்தான் எட்டியது. நனைந்த வலைக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக விழுந்த மாதிரி. அவள் கரண்டியின் முகத்தைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், தன் விரலை எடுத்துக் கடைவாயைத் தொட்டாள். பற்களின் முனையில் பள்ளம் விழுந்திருந்தது. கயிறு போகிற அளவுக்குச் சரியான பள்ளம். இருபத்திரண்டு வருஷம் கடித்த பள்ளம். நூல் கோக்கிறவள் நூல்முனையை எச்சில் பண்ணுகிறாளே, அதை யாராவது பழக்கம் என்று டாக்டரிடம் சொல்வார்களா? அந்த மாதிரி அது அவள் கண்ணுக்கே தெரியாத வேலையாகக் கிடந்திருக்கிறது.

"நான் டாக்டரம்மாகிட்ட பொய் சொல்லலைங்க" என்றாள்.

"இல்லம்மா" என்றார் ஆய்வாளர். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கூடத்துல எல்லாரும் இப்படித்தான் கடிப்பாங்களா?"

"குறடு குடுத்திருக்காங்க" என்றான் கரண்டி தரையிலிருந்து.

"குறடு ஆணியில தொங்குது" என்றாள் முடிச்சு.

சொன்னவள் எழுந்துவிட்டாள். "எனக்கு ஒரு குச்சி குடுங்க" என்றாள். வலை நூல் ஒன்றை எடுத்து இடது ஆள்காட்டி விரலில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். "கூடத்துக்குப் போறேன். வாயில வைக்காதீங்கன்னு சொல்லப் போறேன். கூடத்துக்குப் போறேன்." சொல்லிக்கொண்டே செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள்.

பிற்பகல் வெயில். தெருவில் வலைகள் காய்ந்தன. பாதி வழியில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு குறுக்கே போனான். அவ்வளவுதான், சொன்னதெல்லாம் கொட்டிப்போயிற்று. நடுத்தெருவில் நின்றாள். கையில் ஏன் ஒரு குச்சி? பின்னால் கரண்டி ஓடி வந்தான், அவனுக்குப் பின்னால் பெட்டியோடு ஆய்வாளர்.

"கூடத்துக்கு—" என்று ஆரம்பித்தான் கரண்டி.

"சொல்லாதீங்க." விரலில் இருந்த முடிச்சைத் தடவினாள். அவள் போட்ட முடிச்சு, அவிழாது. "நானே எடுக்கிறேன்." எடுத்தாள். நடந்தாள்.

கூடத்தின் வாசலில் நின்றதும் முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம். கட். கட் கட். கட். தகரக்கூரையில் மழை தூற ஆரம்பிக்கிற மாதிரி. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தவள், அன்றைக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பதினாறு வாய்கள். குனிந்த பதினாறு தலைகள், உதட்டில் கயிறு, பல் மூடுகிறது, திறக்கிறது. ரேடியோவின் கன்னம் உப்பியிருந்தது. ஐந்தாறு மணியை எப்போதும் மிட்டாய் மாதிரி அடக்கிக்கொண்டுதான் அவள் பேசுவாள். சன்னலோரம் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. போன வருஷம் வேலைக்கு வந்தவள். குறடு வழுக்கும்டி, கடைவாயில வை, சீக்கிரம் வரும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? முடிச்சேதான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு, முடிச்சா?" என்றாள் ரேடியோ, மணிகளைக் கன்னம் மாற்றிக்கொண்டு. "வா வா. நீ இல்லாம என் பேச்சைக் கேக்க ஆளில்லடி. இவளுங்க எல்லாம் பாதியிலேயே தூங்கிடுறாளுங்க."

"அக்கா. வாயை..."

"வாய்க்கு என்ன? இன்னிக்குத்தான் கம்மியாப் பேசியிருக்கேன்."

பெண்கள் சிரித்தார்கள்.

"வாயில... அது." சொல் வரவில்லை. டாக்டரம்மா சொன்ன சொல், கரண்டி உருக்கின சொல், இரண்டெழுத்தோ மூன்றெழுத்தோ. இருக்கிற இடம் தெரிகிறது, எடுக்கப் போனால் மணி என்ற சொல்தான் கையில் வருகிறது. மணி, மணி. அதைச் சொன்னால் யார் பயப்படுவார்கள்? நேரம் என்ன என்று கேட்கிறாள் என்பார்கள்.

அவள் ரேடியோவின் எதிரில் போய் மண்டியிட்டாள். ஓரகத்தியின் உதட்டில் தொங்கின கயிற்றைப் பிடித்து இழுத்தாள். எச்சிலோடு மின்னிய ஒரு மணி வந்தது. குச்சியை அதன்மேல் வைத்துத் தேய்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். வெள்ளைப் பஞ்சு. ஒரு மூச்சு. பஞ்சு சிவந்தது.

"என்னடி இது, வித்தையா?" என்றாள் ரேடியோ. குரல் பாதியாகியிருந்தது.

"என் இரத்தத்துல இருக்கிறது இதுதான்க்கா. எனக்கு என் பொண்ணு பேரு வராமப் போனது இதாலதான். இதை..." முடிச்சு விரலில் இருந்த நூலை இறுக்கினாள். இரத்தம் கட்டி விரல் நுனி கறுத்தது. "இதை உருக்குறதுக்கு முன்னாடி நாம என்னன்னு சொல்லுவோம்?"

மற்றவர்கள் வாயைத் திறக்கப் பயந்தார்கள். சன்னலோரம் இருந்த கர்ப்பிணிதான் மெல்லச் சொன்னாள். "ஈயம்."

"ஈயம்" என்றாள் முடிச்சு. "மணிதான் ஈயம்."

ரேடியோ உள்ளங்கையைக் குவித்து வாய்க்குக் கீழே வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு மணிகள் கையில் விழுந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தெரு பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சன்னலோரத்துப் பெண் தன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக உதட்டிலிருந்து கயிற்றை எடுத்தார்கள். தூறல் நின்ற மாதிரி சத்தம் நின்றது. வெளியே கடலின் இரைச்சல் கேட்டது. அந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

அன்றைக்கு மாலையே பதினாறு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். யார் யாருக்கு எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை. சில எண்களைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. முடிச்சுக்கு அடுத்த படுக்கையில் ரேடியோ, அதற்கடுத்து அந்தக் கர்ப்பிணி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலைக்கூடத்து ஆணிகள் வெறுமையாகின. குறடுகள் கைக்கு வந்தன.

கரண்டி மூன்று நாள் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் முடிச்சு அவனிடம் ஒரு நீளக் கயிறு கேட்டாள்.

"கயிறா? இன்னுமா உனக்குக் கயிறு?"

"ஊசி முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து மாத்திரையாமே. அதை எப்படி எண்ணுறது? கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தான். அவள் தன் வாழ்நாளில் போட்டிராத ஒரு முடிச்சைப் போட்டாள். நுனியைப் பிடித்து இழுத்தால் சட்டென்று அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. முதல் ஐந்தாறு இறுகிப்போய்விட்டன. அவள் கைக்கு அவிழ்கிற மாதிரிக் கட்டத் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையிலிருந்து ரேடியோ, "பேரைக் கெடுத்துக்கிறியேடி" என்றாள். அதுதான் அவள் நான்கு நாளில் பேசின முதல் பேச்சு. நாற்பத்து மூன்று முடிச்சு போட்டு முடிக்க அரை நாள் ஆயிற்று. ஒரு மாத்திரை விழுங்கினால் ஒரு முடிச்சை இழுப்பாள். கயிறு நழுவி நேராகும்.

அந்தச் சுற்றின் கடைசி நாள் கரண்டி மகளைக் கூட்டிவந்தான். கடைசி முடிச்சு மகளுக்கு என்று முடிச்சு சொல்லியிருந்தாள். குழந்தை நுனியை இழுத்தாள். வெறும் கயிறு நீளமாகப் படுக்கையில் கிடந்தது. இரத்தம் முப்பத்தெட்டு என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள். இன்னும் எத்தனையோ சுற்று இருக்கிறது. வாளி இன்னும் "அது"தான். சீப்பும் "அது"தான். சில சொற்கள் திரும்ப வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மகள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். சன்னல் வழியாக முடிச்சு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு தடவைதான் கூப்பிட்டாள். பை தோளிலிருந்து விழுந்தது தெரியாமல் குழந்தை திரும்பி நின்றாள். கரண்டி மகளுக்குப் பக்கத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கயிறு முடிந்தது. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் ஒருநாளும் வற்றாமல் இருக்கட்டும். கூப்பிட்டதும் ஓடிவருகிற காலும், திரும்பிப் பார்க்கிற முகமும் உங்கள் வாசலில் நிறைந்திருக்கட்டும். உங்கள் கை தெரியாமல் செய்கிற வேலையெல்லாம் உங்களுக்கு நல்லதையே செய்யட்டும்.